நாழிகை வழி

தூரத்தைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பலவுள. சாண், முழம், கோல், காதம் என்பன அளவை நூலார் வகுத்தவை. அவற்றை விடுத்து, நாட்டுப்புறத்தார் நாவில் வழங்கிவந்த இரு சொற்களை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கூப்பிடு தூரம். மற்றொன்று நாழிகை வழி. நின்ற இடத்தில் நின்று குரல் கொடுத்தால் அக்குரல் எதுவரை எட்டுமோ அதுவரை கூப்பிடு தூரம். ஒரு நாழிகைப் பொழுதில், அஃதாவது 24 நிமிடத்தில், ஒருவன் எவ்வளவு நடப்பானோ அவ்வளவு நாழிகை வழி. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். எங்கள் பாட்டனார் ஊர்ப்புறத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவ்விரு சொற்களையே ஆளுவார். "கிணறு கூப்பிடு தூரந்தான், கோயில் ஒரு நாழிகை வழி" என்பார். கிலோமீட்டரை அவர் அறியாதவரல்லர், அறிந்தும் வேண்டாதவர்.

அவருக்குப் பெண்மக்கள் இருவர். மூத்தவர் செவிலியர் தொழில் பயின்று லண்டன் மாநகரில் மருத்துவமனையொன்றிற் பணிபுரியச் சென்றார். இளையவர் மணம் முடித்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்திற் குடியேறினார். இருவரும் என் தந்தையாரின் உடன்பிறந்தோர், எனக்கு அத்தைமார். பெர்த் விமான நிலையத்திற்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காது செல்லும் விமானம் அத்தூரத்தைக் கடக்க 17 மணி நேரமாகிறது. பாட்டனார் முறையிற் சொல்வதானால், பறக்கும் காலுக்கு நாற்பத்திரண்டரை நாழிகை வழி. இவ்வெண்களைப் பற்றிச் சில கூறவே இக்கட்டுரை எழுதப் புகுந்தேன். தமிழ் பயிலும் மாணவனுக்கும் விமானக் கணக்கிற்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். உறவு என்பதே இதன் பொருள்.

எங்கள் கல்லூரி நூல்நிலையத்தின் ஒரு மூலையிற் பூகோள உருண்டையொன்று உளது. அதனைத் தேடிச் செல்வார் இந்நாளில் மிகச் சிலர். ஒரு மாலை யான் அதனருகிற் சென்று, கையிற் கொண்டுபோன நூலின் ஒரு முனையைப் பெர்த் நகரத்தின்மீதும் மறுமுனையை லண்டன் நகரத்தின்மீதும் வைத்து இறுக இழுத்துப் பார்த்தேன். சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்கோடிட்டு இணைத்தால், அக்கோடு இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவு விலகிக் கடல்வழியே சென்று அரேபியாவிற் கரையேறும். ஆனால், உருண்டையான நிலத்தில் இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி அத்தட்டைக் கோடன்று. இறுக இழுத்த நூல் கிடக்கும் வழியே குறுகிய வழி. அந்நூல் கிடந்த இடத்தைக் கண்டபோது என் கை சற்றே நடுங்கிற்று. பெர்த் நகரை விட்டு வடமேற்கே இந்துமா கடலைக் கடந்த நூல், இலங்கையின் தென்பகுதியைத் தடவி, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, இராமநாதபுரக் கரையில் ஏறி, மதுரையின்மேலே கிடந்தது. நூல் தடித்தது, உருண்டை சிறியது, கண் பிழைத்ததோ என்று ஐயுற்று, கணிதம் பயிலும் நண்பர் ஒருவரைக் கொண்டு கணக்கிட்டும் பார்த்தேன். அவர் கணக்கிலும் அவ்வழி வடக்கே 10 பாகையைக் கடக்குமிடத்திற் கிழக்கே 78 பாகையை ஒட்டியே வந்தது. இரு மகளிரும் உலகத்தின் இரு கோடியிற் சென்று தங்கினர். அவர்களைப் பிணைக்கும் நூலோ அவர்கள் பிறந்த வைகைக் கரையின்மேலேயே செல்கிறது!

அப்பால் அந்நூல் கோவாவிற்கு அருகே அரபிக் கடலில் இறங்கி, மக்ரான் கரையில் ஏறி, ஈரான் முழுதும் குறுக்கே சென்று, ஆர்மீனியா, கருங்கடல், கிரிமியா, உக்ரேன், செக் நாடு, ஜெர்மனி என்று தொட்டுத் தொட்டு லண்டன் சேர்கிறது. இப்பெயர்களைப் படிப்பவர் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இவை வேண்டப்படும்.

நூலின் முற்பகுதியாகிய பெர்த்–இலங்கை வழிக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. அதனை யான் அறிந்த நாள்முதல் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கும் சொல்லாது விடேன். 1942 பிப்ரவரியிற் சிங்கப்பூர் ஜப்பானியர் வசப்பட்டது. அதனோடு ஆஸ்திரேலியாவிற்கும் இங்கிலாந்திற்குமிடையே நடைபெற்றுவந்த விமானப் போக்குவரவு அறுந்தது. அறுந்த இழையை முடியும் பொருட்டு, 1943 ஜூன் இறுதியிற் குவாண்டாஸ் நிறுவனத்தார் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் தென்கரையிற் காலி நகருக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிவரை நீர்விமானங்களைச் செலுத்தத் தொடங்கினர். காட்டலினா எனும் வகையின அவை, எண்ணிக்கையில் ஐந்து. இரவில் வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களையே அவற்றிற்கு இட்டனர்: ஆல்டேர், வேகா, ரைகல், ஸ்பைக்கா, அண்டாரிஸ். இவற்றுள் ஆல்டேர் நம் திருவோணம். ஸ்பைக்கா நம் சித்திரை. அண்டாரிஸ் நம் கேட்டை. பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கும் மீன்களை அவர்கள் திசை பார்க்கக் கொண்டனர்.

அவ்வழியின் தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். விமானத்தின் வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. ஆகவே ஒரு பயணத்திற்கு 27 மணி முதல் 32 மணி வரை செல்லும். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. எண்ணெயின் சுமையே பெருஞ்சுமையாகையால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை; கடிதப் பையும் 69 கிலோகிராம் அளவே. பகைவர் காவல் செய்யும் கடற்பரப்பை இருளிற் கடக்கும்படி புறப்படும் நேரத்தை வகுத்தனர். புறப்பட்டபின் கம்பியில்லாத் தந்தியில் ஒரு சொல்லும் வெளியிடலாகாது. பேசினால் இருக்குமிடத்தைப் பகைவன் அறிவான். இரவும் பகலும் மாறி மாறி வர, ஒரே பயணத்தில் இருமுறை ஞாயிறு எழக் காண்பர். அங்ஙனம் கண்டவர்க்கு "இரட்டை உதயம்" என்னும் பெயரால் ஒரு சான்றிதழும் வழங்கினர். 1945 ஜூலை வரையில் 271 முறை கடலைக் கடந்தனர். ஒரு விமானமும் கடலுக்கு இரையாகவில்லை. கடிதங்கள் கொக்கலையிலிருந்து கராச்சி வழியாக லண்டன் சென்றன.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தைக் கவர்ந்தது வீரமன்று. வீரக் கதைகளுக்கு உலகிற் குறைவில்லை. ஸ்வான் ஆற்றங்கரையில் நின்று வழியனுப்பியவர் நிலையையே யான் எண்ணிப் பார்க்கிறேன். விமானம் மேற்கே மறைந்தபின் முப்பது மணி நேரம் அவர்க்கு யாதொரு செய்தியும் இல்லை. ஏரியில் இறங்கியது என்ற சொல் வரும்வரை, இருக்கிறார்கள் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவர்க்கு வேறுபாடு தெரியாது. கூப்பிடு தூரத்தை முற்றத் துறந்தாலன்றி நாழிகை வழியைக் கடத்தல் இயலாதிருந்த காலம் அது.

இங்கே ஓர் இடைப்பிறவரல். பண்டைத் தமிழர் விமானம் செய்தனர் என்று வாதிடும் நண்பர்கள் நம் விடுதியில் உளர்; சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியைச் சான்று காட்டுவர். யான் அவ்வாதத்திற் கலந்துகொள்வதில்லை. பொறியை எதனாற் செய்தனர் என்பதைக் காட்டிலும், கருவுற்ற விசயை தன்னந்தனியே அதில் ஏறிப் பறந்து, இரவிற் சுடுகாட்டில் இறங்கினாள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எத்தனை காதம் பறந்தாள் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அவ்விரவு எவ்வளவு நீண்டதாயிருந்திருக்கும் என்றே கேட்கத் தோன்றும்.

மீண்டும் கணக்கிற்கு வருவோம். 1919-ஆம் ஆண்டு ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவர், துணைவர் இருவருடன் லண்டன் அருகிலிருந்து புறப்பட்டு ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரை அடைய 28 நாட்களாயின. 1947 டிசம்பரிற் சிட்னி நகரிலிருந்து லண்டனுக்குக் கல்கத்தா, கராச்சி, கெய்ரோ முதலிய ஊர்களில் இறங்கி இறங்கிச் சென்ற விமானத்திற்கு நான்கு நாட்கள். 2018 மார்ச் 24-ஆம் நாள் மாலை பெர்த் நகரிற் புறப்பட்ட விமானமோ, எங்கும் இறங்காது மறுநாட் காலை ஹீத்ரோவில் இறங்கிற்று. ஆஸ்திரேலியாவிற்கும் ஐரோப்பாவிற்குமிடையே ஒரே மூச்சிற் செல்லும் முதற் பயணிப் போக்குவரவு அதுவே. போயிங் 787 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தில் 236 இருக்கைகள். அதன் கலங்கள் 1,26,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். காட்டலினா ஒரு பகலும் ஓரிரவும் கடந்து அலைந்து சேர்ந்த இலங்கைக் கரையை இவ்விமானம் ஆறரை மணிக்குள் எட்டிவிடும், எட்டியும் நில்லாது.

ஒரு வினா எழலாம். போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றாயிருக்க, நேரமும் ஒன்றாகத்தானே இருத்தல் வேண்டும்? அன்று. வானத்தின் மேனிலையில், நடு அகலக்கோட்டுப் பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங்காற்று ஓயாது ஓடுகிறது. லண்டனுக்குச் செல்வோர் அதனை எதிர்த்துச் செல்ல வேண்டும். பெர்த்திற்கு மீள்வோரை அது பின்னின்று தள்ளும். ஆகவே போகும் வழிக்கு 17 மணி 20 நிமிடம் என்று அட்டவணையில் இட்டவர்கள், வரும் வழிக்கு 16 மணி 45 நிமிடம் என்று இட்டனர். ஆற்றில் ஓடம் விட்டவர் எவர்க்கும் இது புதிதன்று. லண்டனிற் பகல் ஒன்றேகால் மணிக்குப் புறப்பட்டவர் மறுநாட் பகல் ஒரு மணிக்குப் பெர்த்தில் இறங்குவார். கடிகாரத்தை மட்டும் நம்பினால் ஒரு நாளுக்குக் கால் மணி குறைவு. ஏழு மணி நேரத்தை ஞாயிறு எடுத்துக்கொண்டது. தூரம் என்று நாம் சொல்வது கல்லில் வெட்டியதுபோல் நிற்க, அதனைக் கடக்கும் பொழுது காற்றோடும் ஞாயிற்றோடும் இவ்வாறு ஆடிக்கொண்டேயிருக்கிறது.

இனி எங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறேன்.

2019 நவம்பரிற் பெரிய அத்தையாருக்கு வயிற்றிற் கட்டியென்று கண்டு, உடனே அறுவை மருத்துவம் செய்தல் வேண்டும் என்றனர். செய்தி பெர்த் நகரை எட்டியபோது அங்கு நண்பகல். சின்ன அத்தையார் கைக்குழந்தையைக் கணவரிடம் விட்டு, அன்று மாலையே அந்நெடும் பயணத்தில் ஏறினார். ஏறுமுன் எங்களுக்குத் தொலைபேசியிற் சொன்னது ஒன்றே: "அக்காவிடம் யான் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இனி நாளைவரை என்னிடம் யாரும் பேச இயலாது." விமானத்தின் உள்ளிருந்து வெளியுலகோடு பேசும் வசதி அப்பயணத்தில் அவருக்கு இல்லை. அன்று பகல் முழுதும் அவர்கள் இருவரும் மணிக்கு ஒருமுறை பேசிக்கொண்டிருந்தனர். உலகத்தின் இரு கோடியில் இருந்தும் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். அருகிற் செல்வோம் என்று ஒருவர் புறப்பட்ட கணமே அக்குரல் அறுந்தது. நெருங்குவதற்காகவே முதலில் எட்டாத இடத்திற்குப் போக வேண்டியிருந்தது.

என் தந்தையார் பள்ளி ஆசிரியர். உணர்ச்சியை வெளிக்காட்டும் இயல்பினர் அல்லர். அன்றிரவு உணவுக்குப்பின் ஒரு தாளில் ஏதோ கணக்கிட்டார். பெர்த் கடிகாரத்திற்கும் நம் கடிகாரத்திற்கும் இரண்டரை மணி வேறுபாடு. விமானம் புறப்பட்டு ஏழு மணி நேரம் ஆகும்போது இங்கு இரவு பதினொன்றேகால். அந்நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறினார். சிறுவனாகிய யானும் பின்தொடர்ந்தேன். காற்றின் போக்கிற்கேற்ப விமானங்கள் நாடோறும் வழி மாறிச் செல்லும் என்பதை அவர் அறிவார். ஆயினும் தென்கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரத்திற்குப்பின் மிக உயரத்தில் ஒரு விளக்கு மெல்ல நகர்ந்து வடமேற்கே சென்றது. அது யாருடைய விமானமோ. தந்தையார், "சின்னவள் நம் தலைக்குமேல் போகிறாள்" என்றார். அவ்வளவே.

கீழே இறங்கினோம். பாட்டனார் உறங்காது கட்டிலில் அமர்ந்திருந்தார்.

"எங்கே வருகிறாள்?"

"நம் ஊரைத் தாண்டிவிட்டாள், அப்பா."

"இன்னும் எத்தனை நாழிகை வழி?"

தந்தையார் ஒரு கணம் மனத்துள் வகுத்துப் பார்த்து, "இருபத்தைந்து நாழிகை இருக்கும்" என்றார். கிழவர் தலையசைத்துவிட்டுப் படுத்தார். பதினான்காயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்றிருந்தால் அவர் உறங்கியிருக்க மாட்டார் என்றே எனக்குப் படுகிறது. இருபத்தைந்து நாழிகை என்பது கழியக்கூடியதொன்று.

சின்ன அத்தையார் ஹீத்ரோவில் இறங்கியது விடியற்காலம். விமானம் தரையில் ஓடும்போதே தொலைபேசியை உயிர்ப்பித்தார். அது விழித்துக்கொள்ள ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஆகியிருக்கும். பதினேழு மணியும் பொறுத்த தமக்கு அந்த ஒரு நிமிடத்தைப் பொறுக்க முடியவில்லை என்று அவர் பின்னர் சொன்னார். அத்தான் அனுப்பிய செய்தி இருந்தது: அறுவை முடிந்தது, கண் விழித்துவிட்டாள், உன்னைத்தான் கேட்டாள். சின்ன அத்தையார் மூன்று வாரம் உடனிருந்து, தலைவாரிவிட்டு, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, சண்டையும் போட்டுத் திரும்பினார். அக்காலத்து ஒளிப்படம் ஒன்றில் இருவரும் ஒரே போர்வைக்குள் அமர்ந்திருக்கின்றனர்.

நான்கு மாதங்கள் கழிந்தன. 2020 மார்ச்சு மாதம் கொள்ளைநோயின் காரணமாக அவ்விமானப் போக்குவரவு நின்றது. ஆஸ்திரேலியாவில் வாழ்வோர் இசைவு பெறாது நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்று விதித்தனர். வெளியிலிருந்து திரும்புவோர் எண்ணிக்கைக்கும் வரம்பிட்டனர். திரும்பினோர் பதினான்கு நாள் விடுதியறையில் அடைபட்டிருத்தல் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவோ, தன் நாட்டின் பிற மாநிலத்தார்க்கும் ஏப்ரலிற் கதவை அடைத்தது. அக்கதவு முற்றத் திறந்தது 2022 மார்ச்சு 3-ஆம் நாள்தான். நோயைத் தடுத்தற்கு அவ்வாறு செய்தனர். அதனால் அங்கு உயிர் பிழைத்தோர் பலர் என்பதையும் யான் மறுக்கவில்லை.

2021-ஆம் ஆண்டின் நடுவிற் பெரிய அத்தையாருக்கு நோய் மீண்டும் வந்தது. இம்முறை மருத்துவர்கள் அறுவையைப் பற்றிப் பேசவில்லை. சின்ன அத்தையார் இசைவு கேட்டுப் புறப்பட்டிருக்கலாம். இரக்கத்திற்குரிய காரணங்களுக்கு இசைவு தந்துகொண்டுதான் இருந்தனர். போகும் வழி இருந்தது. வரும் நாள் இன்னதென்று எவரும் சொல்லக்கூடவில்லை. வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம். இரவெல்லாம் எண்ணி எண்ணி, இறுதியிற் போகவில்லை. அவர் அவ்வாறு முடிவு செய்ததைக் குறைகூற எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலில் "வராதே" என்று சொன்னவர் பெரிய அத்தையாரே.

ஆகவே பேசினர். நாள்தோறும் பேசினர். முகம் பார்த்துப் பேசும் கருவி இருந்தது. குழந்தையைக் காட்டினார், அக்கா பாடிய தாலாட்டைக் குழந்தை பெர்த்திற் கேட்டு உறங்கிற்று. 1943-இல் ஸ்வான் ஆற்றங்கரையில் நின்றவர்க்குக் கிடையாத பேறு அது. அவர்க்குக் குரல் இல்லை, வழி இருந்தது. இவர்க்குக் குரல் இருந்தது, வழி இல்லை. செப்டம்பரில் ஒரு நாள் பெரிய அத்தையார் காலமானார். அடக்கத்தைச் சின்ன அத்தையார் கைப்பேசியின் சிறு கண்ணாடியிற் கண்டார். அங்கு இரவு, குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தன, ஓசை எழாதிருக்கச் சமையலறையிற் சென்று அமர்ந்து அழுததாகச் சொன்னார். "கடைசி நாள்வரையும் அவள் குரல் என் காதில் இருந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கிறதா என்று தெரிந்திருக்கும். அதுதான் தெரியவில்லை" என்று தந்தையாரிடம் கூறினார்.

நாங்களும் இங்கிருந்து அவ்வாறே கண்டோம். பாட்டனாரை நாற்காலியில் அமர்த்தி எதிரே கருவியை வைத்தோம். மகளின் பெட்டியை மண்ணில் இறக்குவதைப் பார்த்தார். அவர் அன்று நாழிகைக் கணக்கு ஒன்றும் கேட்கவில்லை.

2022 மே மாதம் பெர்த்–லண்டன் நேர்ப் போக்குவரவு மீண்டும் தொடங்கிற்று. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்னரே, பிப்ரவரியில், போரினால் உக்ரேன் நாட்டின் வான் பயணிகள் விமானத்திற்கு மூடப்பட்டுவிட்டது. யான் உருண்டையின்மீது இட்ட நூல் அவ்வானின் ஊடே செல்கிறது என்பதை முன்னர்ச் சொன்னேன். நூல் அவ்விடத்தை மிதிக்கலாம், விமானம் மிதிக்கலாகாது. 2024 ஏப்ரலில் ஈரான் வானையும் விலக்க நேர்ந்தது. விலகிச் சென்றால் வழி நீளும். வழி நீண்டால் எண்ணெய் மிகுதியாக வேண்டும். எண்ணெய்க் கலங்களோ முன்னரே நிறைந்தவை. ஆகவே சில காலம் லண்டனுக்குச் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு சென்றது. வரும் விமானத்திற்கு அத்தொல்லை இல்லை. காற்றுத் துணையிருந்தமையால் அது நிற்காமலே பெர்த் சேர்ந்தது. ஒரே தூரம், போவார்க்கு நீளம், வருவார்க்குக் குறுக்கம்!

சின்ன அத்தையார் 2022-இல் முதன்முறையாகக் கல்லறைக்குச் சென்று வந்தார். அது முதல் அக்காவின் மக்களைக் காண ஆண்டிற்கு ஒருமுறையேனும் செல்கிறார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. முன்னிருக்கையின் பின்புறத்திலுள்ள படத்திற் சிறு விமான உருவம் இலங்கையை நெருங்கும்போது விழித்திருந்து பலகணியைத் திறந்து கீழே பார்ப்பாராம். இருட்டில் விளக்குக் கூட்டங்கள் தெரியுமாம். எது எவ்வூர் என்று தெரியாதாம். "அண்ணா, யான் வரும் இரவிலெல்லாம் மாடியில் ஒரு விளக்கை ஏற்றி வை" என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு வீட்டு விளக்கைப் பிரித்தறிதல் இயலாது என்று தந்தையார் அவருக்கு விளக்கிக் கூறினார். மறுநாள் கடைக்குச் சென்று, முன்னதினும் மும்மடங்கு ஒளி தரும் விளக்கொன்றை வாங்கிவந்து மாடியின் கைப்பிடிச் சுவரில் மாட்டினார்.

2024 ஏப்ரல் இறுதியில் ஒரு நாள் மாலை அத்தையார் பெர்த்திற் புறப்பட்டார். தந்தையார் பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றினார். இரவு ஒன்பதரைக்கு மேல் தொலைபேசி அடித்தது. சிங்கப்பூரிலிருந்து பேசினார், விமானம் எண்ணெய் நிரப்பிக்கொள்கிறது என்றார், குழந்தைகள் நலமா, பாட்டனார் மருந்து உண்டாரா என்று எல்லாம் கேட்டார். பின், "அண்ணா, இம்முறை வேறு வழியாகப் போகிறோம். உங்கள்மேல் வரமாட்டேன். விளக்கை அணைத்துவிட்டு உறங்குங்கள்" என்றார்.

தந்தையார் என்னைப் பார்த்தார். யான் மாடிக்குச் சென்று விளக்கை அணைத்து வந்தேன்.